திருப்பூணித்துறை அத்தையும் எட்டு ட்ராக் ரெக்கார்டரும்

ஆபீஸில் ஆணி அதிகம். ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. இன்று எப்படியாவது எழுதிவிடுவது என்று உட்கார்ந்ததற்குக் காரணம், எடிசனில் பாட்டு கிளாஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்கள் சங்கம். அதில் மூன்று பேர் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "வீட்டில் பாட்டு பதிவு செய்ய மல்டி-ட்ராக் ரெக்கார்டர் ஒன்று வாங்கணும். ரொம்பக் குழப்பாமல் சிம்பிளாக எது இருக்கு? நீதான் சமீபத்தில் வாங்கினாயாமே?"

வாங்கினேன். ஆனால் எனக்காக இல்லை, திருப்பூணித்துறையில் இருக்கும் என் அத்தைக்காக. வயது 79. அந்த ஒரு காரணத்தாலேயே நான் கருவி தேடிய விதம் கொஞ்சம் மாறிப்போனது. அதைச் சொன்னால் உங்களுக்கும் உபயோகப்படலாம் என்று தோன்றியது.

முதலில் ஊரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திருப்பூணித்துறை கொச்சிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பழைய ராஜாக்கள் ஊர். கொச்சி ராஜ குடும்பத்தின் ஹில் பேலஸ் அங்கேதான் இருக்கிறது, இப்போது அது மியூசியம். ஊர் நடுவில் பூர்ணத்ரயீசர் கோயில். அப்புறம் ஆர்.எல்.வி. இசைக் கல்லூரி. 1940-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்த யேசுதாஸ் சங்கீதம் படித்தது அங்கேதான். எங்கள் குடும்பம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தங்கிப்போன தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், வெளியில் மலையாளம். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

அத்தை பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். கீர்த்தனைகள் இருக்கட்டும், அவற்றைப் பாட உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. அத்தையிடம் இருப்பது வேறு ஒரு சொத்து. கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று, பிடி சுற்றும்போது ஒன்று, குழந்தையைத் தொட்டிலில் போடும்போது ஒன்று என்று அவள் பாட்டியிடம் கற்றுக்கொண்ட வீட்டுப் பாட்டுகள். பாதித் தமிழ், நடுநடுவே மலையாளம். எதற்கும் புத்தகம் கிடையாது. நொட்டேஷனும் கிடையாது. முப்பது நாற்பது பாட்டு இருக்கும் என்று அவளே ஒரு கணக்கு சொல்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவை முழுசாகத் தெரிந்தவள் இன்றைக்கு அவள் ஒருத்திதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருந்தவள் இப்போது நாலரைக்கு இறங்கிவிட்டாள். ஒரு பாட்டை முழுசாகப் பாடினால் மூச்சு வாங்குகிறது. அதை அவள் சொல்ல மாட்டாள். பல்லவி முடிந்ததும் "சித்தே இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்பாள். தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம் ஆகும்.

வீடியோ காலில் ஏன் சேர்ந்து பாட முடியாது?

என் பெண்ணுக்குப் பதினான்கு வயது, வயலின் கற்றுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு எட்டு மணி என்றால் அங்கே கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அப்போதுதான் அத்தை அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பாள். ஒருவர் பாடி மற்றவர் திருப்பிப் பாடும்வரை பிரச்சினை இல்லை. "வா, சேர்ந்து பாடலாம்" என்றால் அங்கேதான் வம்பு. ஒரு அட்சரம் தள்ளித் தள்ளி இருவரும் துரத்திக்கொள்வார்கள்.

இது நெட் கனெக்‌ஷனின் குறை மட்டும் இல்லை. நியூ ஜெர்சிக்கும் கொச்சிக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கேபிள் நேர்கோட்டில் போட்டிருந்தால்கூட ஒரு வழிக்கு 65 மில்லி செகண்ட், போய்வர 130. உண்மையில் கேபிள்கள் சுற்றிக்கொண்டு போகின்றன, நடுவில் பல இடங்களில் நின்று போகின்றன. அதனால் இதைப் போல இரண்டு மடங்கு ஆவதும் சகஜம். காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், அதாவது 10 மில்லி செகண்டில் மூன்றரை மீட்டர். மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே இருப்பது அதைவிடக் குறைவு. 130 மில்லி செகண்ட் என்றால் மிருதங்கக்காரரை 45 மீட்டர் தள்ளி, மைதானத்தின் அந்தக் கோடியில் உட்காரவைத்த மாதிரி. எந்தக் கம்பெனி எவ்வளவு வேகமான இணைப்பு கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது போதாதென்று இன்னொன்று. வீடியோ கால் ஆப்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே மாதிரி தொடர்ந்து கேட்கும் சத்தத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். சுருதிப்பெட்டி அதற்கு மின்விசிறி! அத்தை சுருதி போட்டுக்கொண்டு பாடுவாள், இந்தப் பக்கம் சுருதி வந்து வந்து காணாமல் போகும். (சில ஆப்களில் இந்த வடிகட்டலை நிறுத்த செட்டிங் உண்டு. பாட்டு சொல்லித் தருபவர்கள் அதைத் தேடிப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.)

சேர்ந்து பாட வழி இல்லையென்றால், ஒருவர் பாடியதன் மேல் மற்றவர் தன் நேரத்தில், தன் ஊரில் உட்கார்ந்து பாட வேண்டியதுதான். மல்டி-ட்ராக் என்பது அவ்வளவுதான். முதல் ட்ராக்கைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் பதிவு செய்யலாம். முதலாவது அப்படியே இருக்கும், அழியாது, கலக்காது.

கொஞ்சம் பழங்கதை

பழைய சினிமாப் பாட்டு எப்படிப் பதிவானது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடகர், கோரஸ், ஐம்பது வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில். கடைசிச் சரணத்தில் ஒரு புல்லாங்குழல் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. தனித்தனி ட்ராக் வந்தபிறகுதான் பாடகர் ஒரு நாளும் வயலின்கள் ஒரு நாளும் வர முடிந்தது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோவை வைத்தார். 1992-இல் ரோஜா வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ட்ராக்காக அடுக்கிப் பாட்டு செய்யலாம் என்பதை நம் தலைமுறைக்குக் காட்டியது அதுதான்.

ஆனால் சாதாரண ஆள் வாங்கக்கூடிய கருவி அதற்கும் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. 1979-இல் டீயாக் கம்பெனி போர்ட்டாஸ்டூடியோ 144 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நாம் எல்லாரும் வைத்திருந்த அதே ஆடியோ கேசட்தான். ஏ பக்கம், பி பக்கம் என்று பிரிக்காமல் நாடாவின் அகலம் முழுவதையும் நான்கு ட்ராக்காக ஒரே திசையில் உபயோகப்படுத்தும், அதுவும் இரட்டை வேகத்தில். அதனால் 60 நிமிஷ கேசட்டில் 15 நிமிஷம்தான் பதிவாகும். அந்த 15 நிமிஷம் போதும் என்று காட்டியவர் எங்கள் நியூ ஜெர்சிக்காரர்தான், ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில் கோல்ட்ஸ் நெக்கில் தன் வாடகை வீட்டில், அந்த 144-ஐயும் இரண்டு மைக்கையும் வைத்துத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் பேண்டோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தால் அந்த உணர்ச்சி வரவில்லை. வீட்டுக் கேசட்டே நெப்ராஸ்கா என்ற ஆல்பமாக அதே வருஷம் வெளிவந்தது. 2025-இல் அதை வைத்து ஒரு சினிமாவே எடுத்துவிட்டார்கள். கோல்ட்ஸ் நெக் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணிக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நான்கு ட்ராக் போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்று வழிகள்

முதல் வழி, கையில் இருக்கும் ஃபோன் அல்லது டேப்லட். காரேஜ்பேண்ட், பேண்ட்லேப் மாதிரி ஆப்கள் இலவசம். பல ட்ராக் கிடைக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் இதிலேயே தொடங்குங்கள், ஒரு டாலர்கூடச் செலவு செய்ய வேண்டாம். ஒரே ஒரு விதி: ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடாது. அதில் சத்தம் காதுக்கு வரவே தாமதம் ஆகும், அதைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்தங்கும். ஒயர் உள்ளதைத்தான் மாட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, லேப்டாப்போடு ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி சின்னப் பெட்டி. மைக் அதில், அது கணினியில். 2000-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியே பல ட்ராக் பதிவுக்குப் போதும். எடிட் செய்வதற்கு இதைவிட வசதி கிடையாது. நான் இங்கே என் பக்க வேலைக்கு வைத்திருப்பது இதுதான்.

மூன்றாவது வழி, தனி ரெக்கார்டர். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்4 மாதிரி. கணினி வேண்டாம், ஃபோன் வேண்டாம். மைக், பதிவு, மிக்ஸ் எல்லாம் ஒரே பெட்டியில். மெமரி கார்டில் எழுதும். "இந்தக் காலத்தில் இதை யார் வாங்குவார்கள்?" என்று பாட்டு கிளாஸ் வாசலில் ஒரு நண்பர் கேட்டார். 79 வயது அத்தை உள்ளவர்கள் வாங்குவார்கள். :-)

அத்தையிடம் ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறது. அதில் பாடச் சொல்லலாம்தான். ஆனால் பாதிப் பாட்டில் பால்காரர் கூப்பிடுவார். மெமரி நிரம்பிவிட்டது என்று மணி அடிக்கும். கண் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு கண்ணாடித் திரையில் சின்ன எழுத்தைத் தொடுவது அவளுக்குப் பெரிய பாடு. தொட்டது சரியான இடம்தானா என்ற பயத்திலேயே பாட்டு போய்விடும். லேப்டாப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் ஐம்பது வருஷமாகப் பார்த்துப் பழகியது டேப் ரெக்கார்டர். அழுத்தினால் உள்ளே போகிற பட்டன். பதிவாகிறது என்றால் எரிகிற சிவப்பு விளக்கு. திருகினால் சத்தம் கூடுகிற குமிழ். அவளுக்குத் தெரிந்த இந்தப் பாஷையில் பேசுகிற கருவிதான் எனக்கு வேண்டியிருந்தது.

எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது எத்தனை ட்ராக் என்பது. அதை விடுங்கள். இதையெல்லாம் பாருங்கள்:

ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவாகும்? எட்டு ட்ராக் கருவி என்றால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாடலாம் என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன சின்னக் கருவிகளில் ஒரே நேரத்தில் இரண்டுதான், மற்றதைப் பிறகு அடுக்க வேண்டும். ஒருத்தி தனியாகப் பாட இது தாராளம். நவராத்திரிக்கு முழுக் கச்சேரியைத் தனித்தனி மைக்கில் எடுக்க வேண்டும் என்றால் இது ஆகாது, பெரிய கருவி வேண்டும்.

ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனிக் குமிழ் இருக்கிறதா? டிபி-008இஎக்ஸில் எட்டு ட்ராக்குக்கும் தனித்தனியாகச் சத்தக் குமிழ் உண்டு. ஆர்4-இல் மேலும் கீழும் தள்ளும் நான்கு ஃபேடர்கள். இது இல்லாமல் எல்லாவற்றையும் மெனுவுக்குள் ஒளித்துவைத்த கருவி வயதானவர்களுக்கு ஆகாது.

உள்ளேயே மைக் இருக்கிறதா? நல்ல மைக் தனியாக வாங்கலாம், அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் ஸ்டாண்டு, கேபிள், மைக் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டும் என்றால் அத்தை மாதத்துக்கு ஒரு நாள்தான் பாடுவாள். மேஜையில் வைத்து அப்படியே பாடலாம் என்றால் தினமும் பாடுவாள். எனக்குத் தேவை அந்த தினமும்.

பேட்டரியில் ஓடுமா? மழைக்காலத்தில் கேரளாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இங்கே வாங்கிய சாமானை 230 வோல்ட்டில் சொருகலாமா என்ற கவலையும் இல்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி நான்கு போட்டால் ஓடுகிற கருவி எங்களுக்குச் சௌகரியம்.

ஒவ்வொரு ட்ராக்கும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே வருமா? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

32-பிட் ஃப்ளோட் இருக்கிறதா? ஆர்4 மாதிரி புதுக் கருவிகளில் இது உண்டு. சத்த அளவைச் சரியாக வைக்காவிட்டாலும் பதிவு கிழியாமல் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கார்த்திகை மாசம் பூர்ணத்ரயீசர் கோயிலில் எட்டு நாள் விருச்சிகோற்சவம். வரிசையாக யானைகள், பஞ்சாரி மேளம். அத்தனை செண்டைக்குப் பக்கத்தில் ஃபோனை நீட்டினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரிப் பதிவுக்கு இது வரப்பிரசாதம். (மைக்கே தாங்காத அளவு சத்தம் என்றால் இதுவும் கைகொடுக்காது.) வீட்டுக்குள் பாட இது கட்டாயம் இல்லை.

இடத்துக்கு எவ்வளவு ஆகும் என்றும் கேட்பார்கள். சிடி தரம், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் 16-பிட் என்றால் ஒரு ட்ராக்குக்கு நிமிஷத்துக்கு சுமார் 5.3 எம்பி. நான்கு நிமிஷப் பாட்டு, நான்கு ட்ராக் என்றால் 85 எம்பி. 32 ஜிபி கார்டில் இப்படி முந்நூறு பாட்டுக்கு மேல் போடலாம். அத்தையின் நாற்பது பாட்டு அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

நான் எடுத்தது டாஸ்காம் எட்டு ட்ராக். கொச்சிக்குக் கைப்பையில் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று பார்த்தாள்.

"டேப் ரெக்கார்டர்தானேடா இது? இதுக்கு எதுக்கு இத்தனை திருகாணி?"

"எட்டு டேப் ரெக்கார்டர் ஒண்ணா இருக்குன்னு வெச்சுக்கோ அத்தை."

"ஓ, மனசிலாச்சு. நேக்கு அந்த சிவப்பு பட்டனை மாத்திரம் காமி. பாக்கி ஒம் பொண்ணு பாத்துக்கட்டும்."

ஒரு வாரம் இருந்து, எல்லா செட்டிங்கையும் சரிசெய்து வைத்துவிட்டு, நெயில் பாலிஷால் மூன்று குமிழுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன். பொட்டு வைத்ததைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்பது ஒப்பந்தம்.

நம் பாட்டுக்கு என்று சில வழிகள்

இந்தக் கருவிகளின் மேனுவல் எல்லாம் கிதார் வாசிப்பவரை மனதில் வைத்து எழுதியது. முதலில் ட்ரம், அல்லது டிக் டிக் என்று மெட்ரோனோம் போடு என்பார்கள். நமக்கு அது சரிப்படாது.

முதல் ட்ராக் சுருதி. அது மட்டும் ஐந்தாறு நிமிஷம். "நாலரைக் கட்டை" என்று எண்ணைச் சொல்லி இங்கே ஒரு பெட்டியில் நாலரை வைத்துக்கொண்டால் சேராது. ஒவ்வொரு பெட்டியிலும் நுணுக்கத் திருகல் கொஞ்சம் வித்தியாசப்படும். அங்கே பதிவான சுருதியைத்தான் இங்கே கேட்டு வயலினைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது ட்ராக் பாட்டு. தாளத்துக்கு மெட்ரோனோம் வேண்டாம். வீட்டுப் பாட்டு மூச்சுக்கு ஏற்ற மாதிரி இழுத்தும் விட்டும் போகும், அதை டிக் டிக்கில் கட்டினால் உயிர் போய்விடும். அதற்குப் பதில் இரண்டாவது மைக் இருக்கிறதே, அதைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்து, அத்தை போடும் தாளத்தைத் தனி ட்ராக்கில் எடுத்துவிடுகிறோம். பிறகு வாசிப்பவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. கடைசியில் அந்தக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டால் தாளச் சத்தம் கேட்காது.

மூச்சு வாங்கும் பிரச்சினைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பல்லவியும் முதல் சரணமும் இன்றைக்கு ஒரு ட்ராக்கில். மீதியை நாளைக்கு, முதல் பகுதியைக் காதில் கேட்டுக்கொண்டு, அது முடியும் இடத்திலிருந்து இன்னொரு ட்ராக்கில். நடுவில் எத்தனை டம்ளர் தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கலாம். அவசரம் இல்லை என்று தெரிந்ததும் அவள் குரலே மாறிவிட்டது. வீடியோ காலில் கேட்காத பிருகாக்கள் எல்லாம் இதில் வருகின்றன.

வீட்டுச் சத்தத்துக்குச் சில கைவைத்தியம். மின்விசிறி கட்டாயம் நிற்க வேண்டும். ஃபிரிட்ஜ் இருக்கும் அறையில் பாடக் கூடாது. பாடுபவருக்குப் பின்னால் ஒரு கனமான ஜமக்காளத்தைத் தொங்கவிட்டால் சுவர் எதிரொலி குறையும். மைக்குக்கும் வாய்க்கும் இரண்டு சாண் தூரம். ஓட்டில் மழை விழும்போது பாட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இடவப்பாதியில் அதைக் கடைப்பிடித்தால் இரண்டு மாதம் பாட முடியாது. அதனால் ஒரு பாட்டில் பின்னால் மழை இருக்கிறது. இருக்கட்டும். ஈரக் காற்றில் கருவி கெடாமல் இருக்க, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் கலக்கக் கூடாது?

எங்கள் வீட்டில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. 1980-களில் ஒரு நவராத்திரி கொலுவில் பாட்டி பாடியது, அதாவது அத்தையின் அம்மா. ஒற்றை மைக், எல்லாம் ஒன்றாக. பாட்டி மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் சமையலறைக் குக்கர் விசில் அடிக்கும். அடுத்த சரணத்தில் யாரோ குழந்தை அழும். இப்போது குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன, போட்டுப் பார்த்தேன். குக்கர் பாட்டியோடு ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. போதாததற்கு அன்றைக்குப் பதிவு செய்த கருவியின் மோட்டார் என்ன வேகத்தில் ஓடியதோ, சுருதியும் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டி எந்த சுருதியில் பாடினாள் என்பதுகூட எங்களுக்கு இன்றைக்கு ஊகம்தான்.

ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது அவ்வளவு கஷ்டம். அதனால் எங்கள் வீட்டுச் சட்டம்: மிக்ஸ் செய்தது ஒன்று எல்லாருக்கும் அனுப்பலாம், ஆனால் தனித்தனி ட்ராக்குகளை ஒருபோதும் அழிக்கக் கூடாது. எக்கோ, ரிவெர்ப் எதுவும் மூலத்தில் சேர்க்கக் கூடாது. எல்லா ட்ராக்கும் பூஜ்யம் விநாடியிலிருந்தே தொடங்கும்படி வெளியே எடுக்க வேண்டும், அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும். மூன்று இடத்தில் பிரதி: திருப்பூணித்துறையில் கார்டு, எடிசனில் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒன்று. என் பெண் இன்றைக்கு வாசிக்கும் வயலின் இருபது வருஷம் கழித்து அவளுக்கே பிடிக்காமல் போகலாம். அப்போது அவள் தன் ட்ராக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வாசித்துக்கொள்ளலாம். அத்தையின் குரல் அப்படியே இருக்கும்.

கடைசியாக, நான் திட்டமிடாமல் வந்து சேர்ந்த ஒரு ட்ராக். பாட்டு முடிந்ததும் அதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசு என்று என் பெண் கேட்டுக்கொண்டாள். "இது நலங்குக்குப் பாடறதாக்கும். எங்க பாட்டி கல்யாணம் ஆகி பாலக்காட்டுலேர்ந்து இங்க வந்தப்போ கொண்டுவந்தது. இந்த வார்த்தை மலையாளம், கொழந்தே, தமிழ்ல தேடாதே" என்று ஆரம்பித்து, யார் கல்யாணத்தில் யார் பாடினாள், மாப்பிள்ளை எப்படி முறைத்தான் என்றெல்லாம் போகும். அதற்குத் தனியாக ஒரு ட்ராக். சில சமயம் அதில் என் பெண்ணுக்குத் திருத்தமும் இருக்கும். "போன தடவை வாசிச்சு அனுப்பினயே, ரெண்டாவது அடியில அவசரப்படறாய். அந்த எடத்துல நின்னு போ." பேசிய ட்ராக்குகளைத்தான் என் பெண் பள்ளிக்கூட பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். வீட்டில் தமிழில் பேசு என்று நான் பத்து வருஷமாகக் கத்தியதற்கு நடக்காதது, "அத்தைப்பாட்டி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று இப்போது தானாக நடக்கிறது.

இதுவரை பதினோரு பாட்டு முடிந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அத்தை "இன்னொண்ணு ஞாபகம் வந்துடுத்து" என்கிறாள். கணக்கு நாற்பதைத் தாண்டும் போலிருக்கிறது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

ஆகவே சங்கத்து நண்பர்களே, உங்கள் கேள்விக்கு என் பதில்: வீட்டில் பிள்ளை பாடுகிறது என்றால் ஃபோன் போதும். நீங்களே பாட்டு செய்து அடுக்கப்போகிறீர்கள் என்றால் லேப்டாப்பும் சின்ன இன்டர்ஃபேஸும். ஊரில் இருக்கும் பெரியவர் பாட வேண்டும் என்றால் தனி ரெக்கார்டர். நான்கு ட்ராக்கே போதும், எட்டு இருந்தால் சந்தோஷம். எந்தக் கருவி சிறந்தது என்று ஆறு மாதம் ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். கருவி அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும், இன்னும் மலிவாகவே கிடைக்கும். இந்த முறை ஊருக்குப் போகும்போதே பட்டனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த பதிவில் பார்க்கலாம்.